கர்னலுக்குள் ஓடும் டெஸ்ட் முரண்டு பிடித்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

லினக்ஸ் கர்னலின் சிறுசிறு பகுதிகளைத் தனியே சோதித்துப் பார்க்க உதவும் கேயூனிட், 2020 ஜனவரியில் வெளிவந்த 5.5 பதிப்பிலிருந்து கர்னலோடேயே வருகிறது. ஹட்டனில் சனிக்கிழமைகளில் கூடிப் படிக்கும் எங்கள் வட்டத்தில் கர்னல் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்கள் முதலில் கைவைப்பது இதில்தான். ஆட்கள் மாறுகிறார்கள், வரும் கோளாறுகள் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருப்பதை விட எழுதி வைத்துவிடுவது நல்லது என்று பட்டது.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முதலில் மனதில் வையுங்கள். கேயூனிட் ஒவ்வொரு டெஸ்டுக்கும் புதிதாக ஒரு கர்னல் த்ரெட்டை (கர்னலுக்குள் தனியே ஓடும் வேலை இழையை) உண்டாக்கி, அதற்குள்தான் அதை ஓட்டுகிறது. தோட்டத்து லயத்துக் காம்பராக்கள் (வரிசை வீட்டு அறைகள்) மாதிரி, கதவு தனித்தனி, கூரை ஒன்று. டெஸ்ட் விழுந்தால் அந்த த்ரெட் மட்டும்தான் சாகும். அது பிடித்து வைத்திருந்த லாக் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு), மாற்றிவிட்ட குளோபல் மாறி, கிளப்பிவிட்ட வேறு த்ரெட் எதுவும் கூடவே போகாது. "அண்ணே, டெஸ்ட் நிக்குது" என்று யாராவது வந்தால் "எந்த த்ரெட்ல நிக்குது?" என்றுதான் நான் முதலில் கேட்பேன். கீழே உள்ளவற்றில் பாதிக்கு மேல் அந்தக் கேள்வியிலேயே அவிழ்ந்துவிடும்.

கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

## ஓட்டுவதற்கு முன்: எந்தக் கர்னலில்?

நீங்கள் வேலை செய்யும் லேப்டாப்பின் கர்னலிலேயே டெஸ்ட் மாட்யூலை ஏற்றாதீர்கள். த்ரெட் தனிதான், ஆனால் நினைவகம் ஒன்றுதான். தவறான சுட்டி ஒன்று உங்கள் டிஸ்க் டிரைவரின் தரவுக்குள் எழுதிவிட்டால் எந்த த்ரெட்டும் காப்பாற்றாது. கேயூனிட் பைதான் கருவி இயல்பாகவே யூசர் மோட் லினக்ஸில், அதாவது யூஎம்எல்லில் ஓட்டும். அங்கே கர்னல் முழுவதும் உங்கள் கணினியில் ஒரு சாதாரண புரோகிராம்தான், விழுந்தாலும் நஷ்டமில்லை. யூஎம்எல்லில் கிடைக்காத வசதி வேண்டுமென்றால் சிபியு வகையைச் சொல்லும் ஆர்க் விருப்பத்தில் எக்ஸ்86-64 கொடுத்து, க்யூஎமு என்ற மெய்நிகர் கணினியில் ஓட்டலாம். இரண்டுமே பாதுகாப்பு. பழைய லேப்டாப்பில் யூஎம்எல் வேகம், க்யூஎமு கொஞ்சம் பொறுமையைச் சோதிக்கும்.

## அறிகுறி: டெஸ்ட் ஓடவே இல்லை

பில்ட் முடிகிறது. ஆனால் கருவி "கேடேப் (டெஸ்ட் முடிவு எழுதும் வடிவம்) வெளியீடு எதுவும் காணோம், டெஸ்ட் ஏதாவது ஓடியதா?" என்ற பொருளில் ஒரு வரி காட்டுகிறது. அல்லது உங்கள் டெஸ்ட் மட்டும் பட்டியலில் இல்லை.

ஃபில்டர். ஓட்டும் டெஸ்டைத் தேர்ந்தெடுக்க நட்சத்திரக் குறியுடன் பெயர் கொடுத்தீர்களா? அதை மேற்கோளுக்குள் போடுங்கள், இல்லையென்றால் ஷெல் அதைக் கோப்புப் பெயராக விரித்துவிடும். ஃபில்டர் தேடுவது சூட்டின், அதாவது டெஸ்டுகளின் தொகுப்பின் பெயரை, கோப்பின் பெயரை அல்ல. இரண்டும் வேறாக இருப்பது சகஜம்.

பதிவு. டெஸ்ட் ஃபங்ஷன்களை எழுதிவிட்டு, கோப்பின் கடைசியில் சூட்டைப் பதியும் மேக்ரோவை மறந்திருக்கலாம். அல்லது புதிய ஃபங்ஷனைக் கேஸ் பட்டியலில் சேர்க்காமல் விட்டிருக்கலாம். இரண்டாவதுக்கு கம்பைலர் பெரும்பாலும் 'பயன்படுத்தாத ஃபங்ஷன்' என்று எச்சரிக்கும். எச்சரிக்கைகளைப் படிக்கிற பழக்கம் இருந்தால் அரை மணி நேரம் மிச்சம்.

கான்ஃபிக். கேயூனிட்கான்ஃபிக் கோப்பில் உங்கள் டெஸ்டுக்கான வரி இருந்தும், அது சார்ந்திருக்கும் வேறொரு தேர்வு இல்லையென்றால் கருவி நிறுத்திவிட்டு, கேட்டவை எல்லாம் உருவான கான்ஃபிக்கில் வரவில்லை என்று சொல்லும். கூடவே எந்த வரி விடுபட்டது என்றும் காட்டும். அந்த வரிக்குரிய கேகான்ஃபிக் கோப்பைத் திறந்து 'டிபெண்ட்ஸ் ஆன்' வரியைப் பாருங்கள். பிசிஐ மாதிரி வன்பொருள் பஸ்களைக் கேட்டால் யூஎம்எல்லில் அது சும்மா கிடைக்காது, ஆர்க் மாற்றிப் பாருங்கள். டெஸ்டை மாட்யூலாக, 'எம்' என்று தேர்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான். கருவி ஓட்டுவது கர்னலோடு சேர்த்துக் கட்டப்பட்டவற்றை மட்டும். 'ஒய்' ஆக்குங்கள்.

பூட் ஆகவே இல்லை. மேலே எல்லாம் சரியாக இருந்தால், பில்ட் அடைவான புள்ளி கேயூனிட்டுக்குள் இருக்கும் டெஸ்ட் லாகை (இது பூட்டு அல்ல, பதிவுக் கோப்பு) திறந்து கடைசி இருபது வரியைப் படியுங்கள். டெஸ்டுக்கு வருமுன்பே கர்னல் பேனிக் ஆகியிருந்தால், அதாவது தொடர முடியாமல் நின்றிருந்தால், அது அங்கே இருக்கும். உங்கள் மாற்றத்தை எடுத்துவிட்டு ஓட்டியும் பூட் ஆகவில்லை என்றால் கோளாறு உங்களுடையது அல்ல. நிலையான ஒரு வெளியீட்டுப் பதிப்புக்கு மாறுங்கள்.

## அறிகுறி: பில்ட் பாதியில் நின்றுவிடுகிறது

"சோர்ஸ் ட்ரீ சுத்தமாக இல்லை, எம்ஆர்ப்ராப்பர் ஓட்டு" என்று வந்தால் அது சொல்கிறபடியே செய்யலாம். ஆனால் முதலில் உங்கள் புள்ளி கான்ஃபிக் கோப்பை வேறெங்காவது நகலெடுங்கள், எம்ஆர்ப்ராப்பர் அதையும் துடைத்துவிடும்.

வெறுமனே "கில்ட்" என்று ஒரு சொல் வந்து நின்றால் ரேம் போதவில்லை. கருவி இயல்பாக எத்தனை கோர் உண்டோ அத்தனை வேலையை ஒரே நேரத்தில் கிளப்பும். 4 ஜிபி லேப்டாப்பில் ஜாப்ஸை 2 ஆக்குங்கள், பிரவுசரையும் மூடுங்கள்.

மழைக்காலத்தில் இங்கே கரண்ட் போவதும் வருவதும் சாதாரணம். பேட்டரி செத்த லேப்டாப் அந்த நேரத்தில் பில்டின் நடுவில் அணைந்தால், பாதி எழுதிய ஆப்ஜெக்ட் கோப்புகள் மிச்சம் இருக்கும். கரண்ட் வந்த பிறகு "ஃபைல் ட்ரங்கேட்டட்" என்றோ, நீங்கள் தொடாத கோப்பில் லிங்க் பிழை என்றோ வரும். ஆராய வேண்டாம். பில்ட் அடைவை முழுதாக அழித்துவிட்டுத் திரும்பக் கட்டுங்கள். அந்த அடைவுக்குள்ளேயே கேயூனிட்கான்ஃபிக்கை எழுதி வைத்திருந்தால் அழிப்பதற்கு முன் எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்பைலரே "இன்டர்னல் கம்பைலர் எரர், செக்மென்டேஷன் ஃபால்ட்" என்று விழுந்து, ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோப்பில் விழுகிறதா? ரேம் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். மெம்டெஸ்டை யூஎஸ்பியில் போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரு சிவப்பு வரி வந்தாலும் கணினி பழுது பார்ப்பவரிடம் கொடுக்கிற நேரம் அது. கெட்ட ரேமை வைத்துக்கொண்டு கர்னல் பிழை தேடினால் இல்லாத பேயைத் துரத்துவீர்கள். ஒரே கோப்பில், ஒரே வரியில் விழுந்தால் ரேம் இல்லை, கம்பைலர் பதிப்பை மாற்றிப் பாருங்கள்.

## அறிகுறி: டெஸ்ட் அசையாமல் நிற்கிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கர்னலுக்குள் ஒவ்வொரு டெஸ்ட் த்ரெட்டுக்கும் வழக்கமாக 300 விநாடிக் கெடு உண்டு. வெளியே பைதான் கருவிக்கும் இயல்பான கெடு 300 விநாடிதான், ஆனால் அது எல்லா டெஸ்டுக்கும் சேர்த்து. எனவே பெரும்பாலும் வெளிக் கடிகாரம்தான் முந்திக்கொண்டு மொத்தக் கர்னலையும் அணைக்கும். உள்ளே எந்த டெஸ்ட் நின்றது என்ற தகவல் வருமுன்பே ஆட்டம் முடிந்துவிடும். ஆகவே முதல் வேலை, டைம்அவுட் விருப்பத்தில் 900 மாதிரி ஒரு பெரிய எண்ணைக் கொடுத்து, நிற்கும் டெஸ்டை மட்டும் ஃபில்டர் செய்து ஓட்டுவது.

இன்னொன்று. உள் கடிகாரம் கெடு முடிந்ததும் த்ரெட்டைக் கொன்றுவிடும் என்று நினைக்காதீர்கள். கர்னல் த்ரெட்டை வெளியிலிருந்து கொல்ல வழி கிடையாது. "நிறுத்திக்கொள்" என்று கேட்டுவிட்டு, அது வெளியே வரும்வரை காத்திருக்கும். வராத த்ரெட்டுக்காக அதுவும் சேர்ந்து நிற்கும்.

நின்றிருக்கும்போது வேறொரு டெர்மினலில் டாப் கட்டளையைப் போட்டுப் பாருங்கள். இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது.

### கிளை 1: சிபியு சும்மா இருக்கிறது

த்ரெட் எதற்கோ காத்துத் தூங்குகிறது. கான்ஃபிக்கில் ஹங் டாஸ்க் கண்டறியும் தேர்வைச் சேருங்கள். இயல்பாக 120 விநாடி அசையாத த்ரெட்டின் ஸ்டாக்கை, அதாவது எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியலை, அது லாகில் கொட்டும். கேயூனிட்டின் த்ரெட் பெயர் நீளமானது, லாகில் 'கேயூனிட் ட்ரை கேட்ச்' என்று வெட்டுப்பட்டுத் தெரியும். அந்த ஸ்டாக்கில் மேலே இருப்பது என்ன?

*மியூடெக்ஸ் லாக்* என்றால், அந்த லாக்கை யாரோ பிடித்துக்கொண்டே போய்விட்டார்கள். பெரும்பாலும் அது இதற்கு முந்தைய டெஸ்ட். அசர்ட், எக்ஸ்பெக்ட் இரண்டும் மதிப்பைச் சரிபார்க்கும் மேக்ரோக்கள். அசர்ட் தோற்றால் த்ரெட் அந்த வரியிலேயே முடிந்துவிடும், கீழே நீங்கள் எழுதிய அன்லாக் வரிக்கு வரவே வராது. எக்ஸ்பெக்ட் தோற்றால் டெஸ்ட் ஃபெயில் என்று குறித்துவிட்டுத் தொடர்ந்து போகும். முந்தைய டெஸ்டில் லாக்குக்கும் அன்லாக்குக்கும் நடுவே அசர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். உறுதிப்படுத்த, லாக்குகளைக் கண்காணிக்கும் லாக்டெப்பை இயக்குங்கள். லாக்குடன் சாகும் த்ரெட்டைப் பற்றி "இன்னும் லாக் வைத்திருக்கிறது" என்று அதுவே பெயர் சொல்லிக் காட்டிக்கொடுக்கும்.

இதற்குப் பலரும் செய்கிற திருத்தம், அன்லாக்கை, டெஸ்ட் முடிந்ததும் ஓடும் எக்ஸிட் ஃபங்ஷனுக்குள் தள்ளுவது. அது தவறு. இன்றைய கர்னல்களில் டெஸ்ட் முடிந்த பிறகான துப்புரவு வேறொரு த்ரெட்டில் நடக்கிறது. மியூடெக்ஸைப் பிடித்தவர்தான் விட வேண்டும் என்பது கர்னல் விதி. ஒருவர் பூட்டியதை இன்னொருவர் திறந்தால் டீபக் கான்ஃபிக் கத்தும், அது இல்லாவிட்டால் சத்தமில்லாமல் கெடும். டெஸ்ட் முடிந்ததும் செய்ய வேண்டியதைப் பதிந்து வைக்க 6.5 பதிப்பில் வந்த 'ஆட் ஆக்‌ஷன்' வசதியில் பதிந்தாலும் அதே கதைதான், அதுவும் துப்புரவு த்ரெட்டில்தான் ஓடும். நினைவகத்தை விடுவிக்க, வொர்க்கை நிறுத்த அது அருமையான வசதி. லாக்குக்கு அல்ல. சரியான திருத்தம் எளியது: லாக்குக்குள் மதிப்பை ஒரு உள்ளூர் மாறியில் எடுங்கள், லாக்கை விடுங்கள், அப்புறம் சரிபாருங்கள்.

*வெயிட் ஃபார் கம்ப்ளீஷன்* என்றால், முடித்துவிட்டதாகச் சொல்ல வேண்டிய த்ரெட் சொல்லவில்லை. டெஸ்ட் ஒரு வொர்க்கையோ (வொர்க்க்யூ என்ற வரிசையில் போடும் பின்னணி வேலை) கர்னல் த்ரெட்டையோ கிளப்பியதா? அதற்குள் அசர்ட் போட்டிருக்கிறீர்களா? அசர்ட் கொல்வது டெஸ்டின் த்ரெட்டை அல்ல, அந்த வரியை ஓட்டிக்கொண்டிருக்கும் த்ரெட்டை. தொழிலாளி த்ரெட் பாதி வழியில் செத்துவிடும், டெஸ்ட் த்ரெட் அதற்காக வாசலில் காத்தே கிடக்கும். வொர்க்க்யூவில் இது இன்னும் மோசம். செத்தது வரிசையில் உள்ள வேலைகளைச் செய்யும், எல்லோருக்கும் பொதுவான கேவொர்க்கர் த்ரெட், அடுத்து வருகிறவரின் வேலையும் நிற்கும். என்னைக் கேட்டால், டெஸ்ட் த்ரெட்டுக்கு வெளியே அசர்ட் என்ற சொல்லே இருக்கக் கூடாது. தொழிலாளி த்ரெட் முடிவை ஒரு ஸ்ட்ரக்டில் எழுதட்டும், டெஸ்ட் த்ரெட் அதை வாங்கிச் சரிபார்க்கட்டும்.

### கிளை 2: சிபியு நூறு சதவீதத்தில் கொதிக்கிறது

சுழலில் மாட்டியிருக்கிறது. யூஎம்எல் வழக்கமான அமைப்பில் ஒரே சிபியு. விட்டுக்கொடுக்காமல் சுற்றும் சுழல் வேறு எந்த த்ரெட்டையும் ஓட விடாது, உள் கடிகாரத்தையும் ஹங் டாஸ்க் காவலையும் சேர்த்துத்தான். பதிவுக் கோப்பு முழு மௌனமாக இருக்கும். சுழலின் முடிவு நிபந்தனையை ஒருமுறை காகிதத்தில் எழுதிப் பாருங்கள், பாதி நேரம் அங்கேயே தெரிந்துவிடும். தெரியாவிட்டால் க்யூஎமுவில் ஓட்டி ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியை இணையுங்கள். க்யூஎமு ஆர்க்ஸ் விருப்பம் வழியாகச் சிற்றெழுத்து எஸ் கொடுத்தால் போதும், கான்ஃபிக்கில் டீபக் இன்ஃபோ இருக்க வேண்டும்.

சுழலே இல்லை, வேலைதான் அதிகம் என்பதும் நடக்கும். நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கேசானோடு, கேவிஎம் (சிபியுவின் மெய்நிகராக்க உதவி) இல்லாத க்யூஎமுவில், பழைய லேப்டாப்பில் ஓட்டினால் ஒரு நிமிட வேலை பல நிமிடம் ஆகும். பயாஸில் மெய்நிகராக்கம் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அதை இயக்குவது செலவில்லாத மருந்து.

### எப்போது கைவிட வேண்டும்

ஸ்டாக்கில் உங்கள் கோப்பே இல்லாமல், முழுக்க முழுக்க நீங்கள் எழுதாத துணை அமைப்பின் ஃபங்ஷன்கள் மட்டும் நின்றால், லாக்டெப்பும் அங்கேயே விரல் நீட்டினால், அது அனுபவசாலிகளின் வேலை. கர்னல் ட்ரீயில் உள்ள கெட் மெயின்டெய்னர் ஸ்கிரிப்டுக்கு அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் யாரிடம் கேட்க வேண்டும் என்று சொல்லும்.

## அறிகுறி: "ட்ரை ஃபால்ட்டட்", அல்லது மொத்தமாகப் பேனிக்

ஒரே பிழை இரண்டு இடத்தில் இரண்டு முகம் காட்டும் என்பதால் நிறையப் பேர் குழம்புகிறார்கள். டெஸ்ட் ஒரு நல் சுட்டியை (எந்த நினைவகத்தையும் காட்டாத சுட்டியை) தொட்டுவிட்டது என்று வையுங்கள். க்யூஎமுவில் ஊப்ஸ் என்ற கர்னல் பிழை அறிக்கை வரும், டெஸ்ட் த்ரெட் மட்டும் சாகும், கேயூனிட் "ட்ரை ஃபால்ட்டட், கடைசியாகப் பார்த்த வரி இன்னது" என்று சொல்லிவிட்டு அடுத்த டெஸ்டுக்குப் போகும். யூஎம்எல்லில் அதே பிழைக்கு "செக்ஃபால்ட் வித் நோ எம்எம்" என்று கர்னலே கவிழ்ந்துவிடும், மிச்ச டெஸ்டுகள் எல்லாம் காணாமல் போகும். அதைப் பார்த்துவிட்டு டெஸ்ட் பெரிதாக எதையோ உடைத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். கர்னல் த்ரெட்டுக்கு யூசர் நினைவக அமைப்பு கிடையாது, யூஎம்எல் அந்த நிலையில் பேனிக் ஆவதுதான் வழக்கம்.

"கடைசியாகப் பார்த்த வரி" என்பது விழுந்த வரி அல்ல. கடைசியாக நிறைவேறிய எக்ஸ்பெக்ட் அல்லது அசர்டின் வரி. பிழை அதற்கும் அடுத்த எக்ஸ்பெக்டுக்கும் நடுவில் இருக்கிறது. பொகவந்தலாவையிலிருந்து வரும் ஒரு தங்கச்சி இதை வைத்தே ஒரு நல்ல வித்தை செய்வார்: சந்தேகப்படும் வரிகளுக்கு நடுவே எப்போதும் வெற்றி பெறும் எக்ஸ்பெக்டுகளைத் தூவிவிட்டு ஓட்டுவார். அச்சிட்டுத் தேடுவதை விட வேகம்.

சோதிக்கும் வரிசை இப்படி. முதலில், நினைவகம் கேட்டு வாங்கிய ஒவ்வொரு இடத்துக்கும் அடுத்த வரியில் 'நாட் எர்ர் ஆர் நல்' அசர்ட் இருக்கிறதா பாருங்கள். இங்கே எக்ஸ்பெக்ட் போட்டால் அது ஃபெயில் என்று குறித்துவிட்டு நேராகப் போய் நல் சுட்டியில் விழும். அசர்டுக்கென்றே பிறந்த இடம் இது.

அடுத்து, டெஸ்ட் குறியீடு எங்காவது யூசர் நினைவகத்தைத் தொடுகிறதா? தொட்டால் விழும், அந்த த்ரெட்டுக்கு அது கிடையாது என்று மேலே சொன்னேன்.

அதுவும் இல்லையென்றால் கேசானை இயக்குங்கள். எக்ஸ்86-64 யூஎம்எல்லிலும் இப்போது அது ஓடும். விடுவித்த நினைவகத்தை மீண்டும் தொட்டிருந்தால், யார் வாங்கினார், யார் விடுவித்தார் என்று இரண்டு ஸ்டாக்கையும் சேர்த்துக் காட்டும்.

ஒரு தனி வகை உண்டு: "அட்டெம்ப்டெட் டு கில் இனிட்" என்ற பேனிக். க்யூஎமுவில் இது வந்தால் சூட் இனிட் ஃபங்ஷனை (சூட்டின் தொடக்க வேலைகளைச் செய்வதை) பாருங்கள். ஒவ்வொரு டெஸ்டுக்குமான இனிட், டெஸ்டின் த்ரெட்டிலேயே ஓடுகிறது. ஆனால் சூட் முழுவதற்குமான இனிட் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே, பூட் செய்யும் முதல் த்ரெட்டில் ஓடுகிறது. அங்கே விழுந்தால் விழுவது கணினியின் முதல் புரோசஸான இனிட்டேதான். ஆபத்தான வேலையைச் சூட் இனிட்டில் வைக்காதீர்கள், டெஸ்ட் இனிட்டுக்கு இறக்குங்கள். கொஞ்சம் மெதுவாகும், பரவாயில்லை.

யூஎம்எல் கவிழ்ந்த பிறகு டெர்மினலில் அடிக்கும் எழுத்து தெரியவில்லை என்றால் ரீசெட் என்று குருட்டாம்போக்கில் அடித்து என்டர் தட்டுங்கள். லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

## அறிகுறி: எல்லாம் பாஸ், ஆனால் பிழை இருப்பது உங்களுக்குத் தெரியும்

ஃபெயிலை விட இதற்குத்தான் பயப்பட வேண்டும். வேண்டுமென்றே குறியீட்டைக் கெடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போதும் பாஸ் என்றால் கீழே உள்ளவற்றில் ஒன்று.

தொழிலாளி த்ரெட் முடியுமுன் டெஸ்ட் முடிந்துவிட்டது. எக்ஸ்பெக்ட் தாமதமாகத் தோற்றது, அதற்குள் முடிவு அச்சாகிவிட்டது. டெஸ்டின் கடைசியில் ஃப்ளஷ் வொர்க் அல்லது கேத்ரெட் ஸ்டாப் இருக்கிறதா? இருந்தாலும் அதற்கு மேலே ஒரு அசர்ட் தோற்றால் அந்த வரிக்கு வராது. ஆகவே தொழிலாளியை நிறுத்துவதை ஆட் ஆக்‌ஷனில், அவரைக் கிளப்பிய கையோடு பதிந்துவிடுங்கள். பதிவுகள் கடைசியில் வந்தது முதலில் என்ற வரிசையில் அவிழும். எனவே நினைவகத்தை முதலில் வாங்கி, தொழிலாளியைப் பிறகு கிளப்பினால் வரிசை தானாகவே சரியாக அமையும்.

ஸ்டப், அதாவது உண்மையான ஃபங்ஷனுக்குப் பதிலாக நிற்கும் போலி, வேலை செய்யவில்லை. 6.3 பதிப்பிலிருந்து உள்ள ஸ்டேட்டிக் ஸ்டப் வசதி, ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட் ஒரு டெஸ்டுக்குச் சொந்தமானதா என்று பார்த்துத்தான் திசை திருப்பும். தொழிலாளி த்ரெட்டுக்கு அந்த அடையாளம் இல்லை, அது உண்மையான ஃபங்ஷனையே கூப்பிடும். ஸ்டப்புக்குள் ஒரு எண்ணியை வைத்து, அது கூடுகிறதா என்று பாருங்கள். கூடவில்லை என்றால் அந்தப் பகுதியை வொர்க்க்யூ இல்லாமல் நேராகக் கூப்பிட்டுச் சோதிக்கும்படி குறியீட்டைப் பிரியுங்கள்.

கேசான் கத்தியும் டெஸ்ட் பாஸ். இதுவும் அதே காரணம்தான். டெஸ்ட் த்ரெட்டில் கேசான் பிழை கண்டால் அந்த டெஸ்ட் ஃபெயில் என்று குறிக்கப்படும். வேறு த்ரெட்டில் கண்டால் லாகில் மட்டும் எழுதப்படும், டெஸ்ட் பச்சையாகவே இருக்கும். கருவி காட்டும் அழகான சுருக்கத்தை மட்டும் பார்க்காமல் முழு லாகில் 'பக்' என்ற சொல்லைத் தேடுங்கள். ரா அவுட்புட் விருப்பத்திலும் ஓட்டிப் பார்க்கலாம்.

## அறிகுறி: "ஸ்லீப்பிங் ஃபங்ஷன் கால்ட் ஃப்ரம் இன்வேலிட் கான்டெக்ஸ்ட்"

ஸ்பின்லாக் (பிடித்திருப்பவர் தூங்கவே கூடாத வகை லாக்) பிடித்திருக்கும்போது தூங்கக்கூடிய ஒன்றைக் கூப்பிட்டுவிட்டீர்கள். பெரும்பாலும் ஜிஎஃப்பி கர்னல் கொடியுடன் நினைவகம் வாங்கியதுதான். லாக்குக்கு முன்பே வாங்குங்கள்.

நினைவகமே வாங்கவில்லை என்று சத்தியம் செய்கிறவர்கள் கவனிக்க: தோற்கும் எக்ஸ்பெக்டே நினைவகம் வாங்குகிறது, செய்தியை உருவாக்க. வெற்றி பெறும்வரை மௌனம், தோற்ற அன்று இரண்டு பிழை. ஸ்பின்லாக்குக்கு உள்ளே எக்ஸ்பெக்ட் வேண்டாம்.

இந்த எச்சரிக்கை உங்களுக்கு வந்ததே இல்லை என்றால் சந்தோஷப்படுமுன் டீபக் அடாமிக் ஸ்லீப் கான்ஃபிக்கில் இருக்கிறதா என்று பாருங்கள்.

## அறிகுறி: தனியாக ஓட்டினால் பாஸ், கூட்டத்தோடு ஃபெயில்

கேயூனிட் டெஸ்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓட்டும். எனவே இரண்டு டெஸ்ட் ஒரே நேரத்தில் மோதிக்கொண்டன என்ற சந்தேகத்தை விட்டுவிடுங்கள். முன்னால் போனவர் எதையோ விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

ரன் ஐசொலேட்டட் விருப்பத்தில் 'டெஸ்ட்' என்று கொடுங்கள். ஒவ்வொரு டெஸ்டுக்கும் கர்னலைப் புதிதாக பூட் செய்து ஓட்டும். யூஎம்எல்லில் பூட் ஆகச் சில விநாடிதான் என்பதால் தாங்கிக்கொள்ளலாம். அதில் எல்லாம் பாஸ் என்றால் எச்சம்தான் காரணம் என்பது உறுதி. அடுத்து, ஃபெயில் ஆகும் டெஸ்டுக்கு முன்னால் உள்ளவற்றைக் கேஸ் பட்டியலில் பாதி பாதியாகக் கமென்ட் செய்துகொண்டே வந்தால் குற்றவாளி சீக்கிரம் கிடைப்பார்.

கிடைத்தவரிடம் தேட வேண்டியது: ஸ்டேட்டிக் மாறி, பதிந்துவிட்டு நீக்காத நோட்டிஃபையர், ரத்து செய்யாத டைமர், குளோபல் பட்டியலில் சேர்த்துவிட்டு எடுக்காத உறுப்பு. கடைசியானது கொடியது. கேயூனிட் வழியாக வாங்கிய நினைவகம் டெஸ்ட் முடிந்ததும் தானாக விடுவிக்கப்படும், பட்டியல் இன்னும் அதைச் சுட்டிக்கொண்டிருக்கும். அடுத்த டெஸ்ட் அந்தப் பட்டியலில் நடக்கும்போது விழும், பழி அடுத்த டெஸ்டின் மேல்.

## அறிகுறி: சில நேரம் பாஸ், சில நேரம் ஃபெயில்

எளியது முதலில். டெஸ்டில் எம்ஸ்லீப் போட்டு 'இதற்குள் முடிந்திருக்கும்' என்று நம்பியிருக்கிறீர்களா? உங்கள் லேப்டாப்பில் முடியும், பக்கத்தில் இருப்பவரின் பழைய லேப்டாப்பில் முடியாது. தூக்கத்தை எடுத்துவிட்டு, கெடுவுடன் கூடிய கம்ப்ளீஷனுக்குக் காத்திருங்கள்.

எங்கள் வட்டத்தில் 'உன்னுடையதில் ஓடுதா' என்று ஒருவருக்கொருவர் மாற்றி ஓட்டிப் பார்ப்பது இதற்காகவே. வேகமான ஒரு கணினியில் நூறு முறை ஓட்டுவதை விட, வேகம் வேறுபட்ட நாலு கணினியில் ஓட்டுவது அதிகம் சொல்லும்.

அடுத்தது உண்மையான ரேஸ், அதாவது எந்த த்ரெட் முந்துகிறது என்பதைப் பொறுத்து வரும் பிழை. ஒரே சிபியுவில், அதாவது வழக்கமான யூஎம்எல்லில், அது அநேகமாக வெளியே தெரியாது. க்யூஎமுவில் எஸ்எம்பி 4 என்று க்யூஎமு ஆர்க்ஸில் கொடுத்து, கான்ஃபிக்கில் எஸ்எம்பியும் கேசிசானும் சேர்த்து ஓட்டுங்கள். இரண்டு த்ரெட் ஒரே மாறியைப் பாதுகாப்பின்றித் தொட்ட இடத்தை, இரண்டு ஸ்டாக்கையும் அருகருகே வைத்துக் காட்டும். கேசானையும் கேசிசானையும் ஒரே பில்டில் போட முடியாது, தனித்தனி பில்ட் அடைவு வைத்துக்கொள்ளுங்கள். பழைய லேப்டாப்புக்கு இது கனமான வேலை. இரவில் ஓட விட்டுப் படுங்கள்.

கடைசி, விலை அதிகம் உள்ளது, கிட் பைசெக்ட்: பிழை நுழைந்த மாற்றத்தைப் பாதி பாதியாகத் தேடுவது. முன்பு ஓடிய பதிப்பு ஒன்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் தொடங்குங்கள். 'நல்லது' என்று குறிக்குமுன் ஒவ்வொரு கட்டத்திலும் டெஸ்டைப் பலமுறை ஓட்ட வேண்டும். தற்செயலாக வந்த ஒரு பாஸ் மொத்தத் தேடலையும் தவறான கிளைக்கு இழுத்துவிடும். டேட்டா மிச்சம் பிடிக்க ஆழம் 1 என்று மேலோட்டமாக க்ளோன் செய்தவர்களுக்கு முழு வரலாறும் வேண்டும், அது சில ஜிபி. வேகமான இணைப்பு உள்ள இடத்துக்கு லேப்டாப்பைக் கொண்டுபோய் இறக்குங்கள்.

ரேஸின் இரண்டு முனையும் தெரிந்து, எந்த லாக் எதைக் காக்க வேண்டும் என்பது மட்டும் தெரியவில்லை என்றால் அங்கே நிறுத்திவிட்டு அந்தப் பகுதியைப் பராமரிக்கும் மெயின்டெய்னரிடம் கேளுங்கள். லாக் விதிகள் பல நேரம் எங்கும் எழுதப்படாமல் அவர்கள் தலைக்குள் இருக்கும். கேட்கும்போது கமிட் எண், கேயூனிட்கான்ஃபிக் முழுவதும், ஓட்டிய கட்டளை, வெட்டாத பதிவுக் கோப்பு, எத்தனை முறைக்கு எத்தனை முறை தோற்கிறது, யூஎம்எல்லா க்யூஎமுவா, இவ்வளவும் எளிய உரையாக அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டாதீர்கள். அவர்களால் அதில் தேட முடியாது.